நர்சிங் வகுப்பில் மாணவிகளும் மாணவர்களும்: மதிப்பெண் இடைவெளி எதைச் சொல்கிறது?

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் நாளில் "இந்த ஆண்டும் மாணவிகளே முன்னிலை" என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. 2024ஆம் ஆண்டுத் தேர்வில் தமிழ்நாட்டு மாணவிகளில் 96.44 விழுக்காட்டினரும் மாணவர்களில் 92.37 விழுக்காட்டினரும் தேர்ச்சி பெற்றார்கள். அந்த வரி பள்ளியோடு நின்றுவிடுவதில்லை. பிள்ளைகள் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கூடவே போகிறது. நர்சிங் கல்லூரிக்குள் நுழையும்போது அது மூன்று வடிவம் எடுக்கிறது. "பெண் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பு இயல்பாகவே வரும்" என்பது முதலாவது. "பையன்கள் தியரியில் சுமார்தான், வார்டில் கெட்டி" என்பது இரண்டாவது. "இவ்வளவு குறைவாக இருந்தும் இந்தப் படிப்பைத் தேடி வந்திருக்கிறார்கள் என்றால், வந்த பையன்கள் நன்றாகப் படிப்பவர்களாகத்தான் இருப்பார்கள்" என்பது மூன்றாவது. மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஆனாலும் மூன்றையும் ஒரே ஆசிரியர் அறையில், ஒரே தேநீர் இடைவேளையில் கேட்க முடியும்.

மூன்றும் எப்படி நம்பும்படி இருக்கின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். புள்ளியியல் படித்திராதவர்களும் தொடரக்கூடிய வகையில், ஒரு தேங்காய்க் குவியலில் தொடங்கி மதிப்பெண் பட்டியலுக்கு வருவோம்.

அதற்கு முன் இரண்டு சொற்கள். பால் என்பது உடல் சார்ந்த வகைப்பாடு. பாலினம் என்பது அந்த உடலை வைத்துச் சமூகம் ஒருவரிடம் எதிர்பார்ப்பவை, அனுமதிப்பவை, தடுப்பவை அனைத்தின் தொகுப்பு. கல்லூரி விண்ணப்பத்தில் நிரப்பப்படுவது முதலாவது. வகுப்பிலும் வார்டிலும் வேலை செய்வது பெரும்பாலும் இரண்டாவது. திருநங்கையரும் திருநம்பியரும் நர்சிங் படிக்கிறார்கள் என்றாலும், ஒரு வகுப்பில் அவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால், இத்தகைய ஒப்பீடுகள் இரண்டே கட்டங்களோடு முடிந்துவிடுகின்றன. இந்தக் குறையைத் தெரிந்துகொண்டே மேலே படிக்க வேண்டும்.

இரண்டு குவியல் தேங்காய்

பேராவூரணிப் பக்கம் அடுத்தடுத்து இரண்டு தென்னந்தோப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வடக்குத் தோப்பின் காய்கள் ஒரு குவியலாகவும் தெற்குத் தோப்பின் காய்கள் இன்னொரு குவியலாகவும் கொட்டிக் கிடக்கின்றன. எடை போட்டுச் சராசரி கண்டால், வடக்குத் தோப்பின் காய் 20 கிராம் கூடுதல். இந்த ஒரு செய்தியை மட்டும் கேட்டவர், வடக்குத் தோப்பின் காய் எல்லாமே பெரியது என்று மனத்தில் படம் வரைந்துகொள்வார். குவியலுக்கு அருகே போய்ப் பார்த்தால் அந்தப் படம் உடைந்துவிடும். இரண்டிலும் பெரிய காய் உண்டு, சிறிய காய் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொன்றாக எடுத்தால், எது எந்தத் தோப்பின் காய் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ஆகவே சராசரியோடு இன்னோர் எண்ணும் தேவைப்படுகிறது. ஒரே குவியலுக்குள் காய்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைக் காட்டும் அந்த எண்ணுக்குத் திட்ட விலக்கம் என்று பெயர். இரண்டு குவியல்களின் சராசரி வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் கிடைப்பது விளைவின் அளவு. 20 கிராம் என்பது பெரிய வேறுபாடா, சிறியதா என்பதை எடையைப் பார்த்துச் சொல்ல முடியாது. குவியலுக்குள்ளேயே காய்க்குக் காய் 100 கிராம் வேறுபடுகிறது என்றால் 20 சிறியது, 10 கிராம்தான் வேறுபடுகிறது என்றால் 20 மிகப் பெரியது. அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கோகன் இதற்கு ஒரு தோராயமான அளவுகோல் தந்தார்: 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது.

இப்போது வகுப்புக்கு வருவோம். 52 மாணவிகளும் 8 மாணவர்களும் படிக்கும் ஒரு கற்பனை வகுப்பில் மாணவிகளின் சராசரி 68, மாணவர்களின் சராசரி 64, திட்ட விலக்கம் 8 என்று கொள்வோம். விளைவின் அளவு 0.5. கேட்பதற்குத் தெளிவான முன்னிலைதான். ஆனால் மதிப்பெண்கள் வழக்கமான முறையில் பரவியிருந்தால், இத்தகைய வகுப்புகளிலிருந்து ஒரு மாணவி, ஒரு மாணவர் என்று 100 ஜோடிகளை எடுக்கும்போது 64 ஜோடிகளில்தான் மாணவி முன்னால் இருப்பார். மீதி 36 ஜோடிகளில் மாணவர் முன்னால் இருப்பார்.

உண்மை உலகில் இடைவெளி பெரும்பாலும் இதைவிடவும் சிறியது. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் வோயரும் சூசன் வோயரும், 1914 முதல் 2011 வரையிலான காலத்துக்குரிய 369 மாதிரிகளின் மதிப்பெண் தரவுகளைத் திரட்டி 2014இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். ஆசிரியர்கள் இடும் பாட மதிப்பெண்களில் பெண்கள் முன்னிலை வகிப்பது ஏறத்தாழ நூற்றாண்டுக் காலமாகத் தொடர்கிறது என்பது அவர்கள் கண்டது. அந்த முன்னிலையின் அளவு 0.22 அளவிலேயே நிற்கிறது என்பதையும் அவர்களே கண்டார்கள். மொழிப் பாடங்களில் இடைவெளி அகலமாகவும் கணிதத்தில் குறுகியும் இருந்தது. 0.22 என்றால் 100 ஜோடிகளில் ஏறத்தாழ 56க்கு 44. செய்தித் தலைப்பு வரையும் படம் வேறு, இந்த எண் வரையும் படம் வேறு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சராசரி ஒரு குவியலைப் பற்றிப் பேசுகிறது, ஒரு காயைப் பற்றிப் பேசுவதில்லை, வேறுபாடு பெரியதா என்பதைத் திட்ட விலக்கத்தோடு ஒப்பிட்ட பிறகே சொல்ல முடியும்.

எட்டுப் பேரின் சராசரி

நர்சிங் வகுப்புக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகின் செவிலியப் பணியாளர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பெண்கள். வகுப்பறையின் கணக்கும் பெரும்பாலும் இதை ஒட்டியே இருக்கும். அதாவது, ஒப்பிடப்படும் இரண்டு குவியல்களில் ஒன்று மிகச் சிறியது.

சிறிய குவியலின் சராசரி எளிதில் ஆடும். நம் கற்பனை வகுப்பில் எல்லோரும் 66 மதிப்பெண் பெற்றிருக்கிறார்கள் என்று கொள்வோம். இப்போது டைபாய்டு வந்து படுத்துவிட்ட ஒரு மாணவர் 20 மதிப்பெண் எடுக்கிறார். எட்டு மாணவர்களின் சராசரி 66இலிருந்து 60.25க்கு விழுந்துவிடும். அதே டைபாய்டு ஒரு மாணவிக்கு வந்திருந்தால், 52 மாணவிகளின் சராசரி 66இலிருந்து 65.1க்குத்தான் இறங்கும். காய்ச்சல் ஒன்றுதான், ஒரு பக்கம் ஆறு மதிப்பெண் பள்ளம், மறுபக்கம் ஒரு மதிப்பெண்கூட இல்லை. அந்த ஆண்டு ஆசிரியர் அறையில் "பையன்கள் இந்த பேட்ச் ரொம்ப மோசம்" என்ற பேச்சு எழுந்திருக்கும்.

இத்தகைய தற்செயலைச் சலித்தெடுக்க ஆய்வாளர்கள் பயன்படுத்துவது புள்ளியியல் பொருண்மை என்ற சோதனை. இரண்டு குழுக்களுக்கும் இடையே உண்மையில் எந்த வேறுபாடும் இல்லை என்று வைத்துக்கொண்டு, வெறும் தற்செயலாலேயே இவ்வளவு பெரிய இடைவெளி தோன்ற வாய்ப்பு எவ்வளவு என்று அது கணக்கிடுகிறது. வாய்ப்பு 100க்கு 5க்கும் கீழே இருந்தால், இடைவெளி பொருண்மை உடையது என்பது வழக்கம். மேலே கண்ட 68க்கும் 64க்கும் இடையிலான வேறுபாடு, 52 பேர், 8 பேர் என்ற எண்ணிக்கையில் இந்தச் சோதனையில் தேறுவதில்லை.

இதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு மாநிலத்தின் கல்லூரிகளையெல்லாம் சேர்த்து 18,000 மாணவிகளையும் 2,000 மாணவர்களையும் ஒப்பிட்டால், அதே திட்ட விலக்கத்தில் அரை மதிப்பெண் வேறுபாடுகூடப் பொருண்மை உடையதாகிவிடும். அரை மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு யாரும் எதையும் செய்ய முடியாது. பொருண்மை என்ற சொல்லை "முக்கியம்" என்ற பொருளில் வாசிப்பதுதான், என் பார்வையில், இந்தத் துறையின் கட்டுரைகளை வாசிப்பவர்கள் செய்யும் மிகப் பொதுவான பிழை.

குவியலுக்கு வருமுன்னே நடந்த பொறுக்கல்

தேங்காய் வியாபாரி, தெற்குத் தோப்பின் பெரிய காய்களை முதல் நாளே வண்டியேற்றி அனுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் நாம் எடை போடுவது தெற்குத் தோப்பின் விளைச்சலை அன்று. அவர் விட்டுப்போன மிச்சத்தைத்தான். யார் குவியலுக்குள் வருகிறார்கள் என்பதே இரண்டு பக்கமும் வேறு வேறு விதியால் தீர்மானிக்கப்படும்போது ஒப்பீடு கோணுவதைத் தெரிவுச் சாய்வு என்கிறோம். நர்சிங்கில் இந்தப் பொறுக்கலுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860இல் தொடங்கிய நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி பெண்களுக்கானது. (அதை நிறுவிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரும் ஆவார். செவிலியத்தில் பிற்காலத்தில் நடந்த இத்தகைய பல ஒப்பீடுகளை அவரே பார்த்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது.) பிரிட்டனில் 1919ஆம் ஆண்டுச் சட்டம் செவிலியர் பதிவேட்டை உருவாக்கியபோது, ஆண்களுக்குத் தனியாக ஒரு துணைப் பகுதியை ஒதுக்கியது, பொதுப் பதிவேட்டில் அவர்கள் சேர்க்கப்பட்டது 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஜோ ஹோகன் என்ற ஆணுக்கு ஒரு மகளிர் பல்கலைக்கழகத்தின் நர்சிங் பள்ளி இடம் மறுத்தது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. செவிலியம் பெண்களுக்கு மட்டுமே உரிய வேலை என்ற பழைய எண்ணத்தை அந்த மறுப்பு நிலைநிறுத்துகிறது என்பது நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் எழுதிய தீர்ப்பின் காரணங்களில் ஒன்று.

இந்தியாவில் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் பட்டப்படிப்பு 1946இல் வேலூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. இன்று பி.எஸ்சி. படிப்பில் ஆண்களும் சேரலாம், ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் பயிற்சி பெண்களுக்கு மட்டுமே உரியது. ராணுவச் செவிலியப் பணி, 1943ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தின் கீழ், நீண்ட காலமாகப் பெண்களையே எடுத்துவந்திருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனைகளின் செவிலிய அலுவலர் பணியிடங்களில் 80 விழுக்காடு பெண்களுக்கு, 20 விழுக்காடு ஆண்களுக்கு என்ற விகிதம் 2019இல் முடிவு செய்யப்பட்டது. ராஜஸ்தான் போல ஆண்கள் பெரும் எண்ணிக்கையில் நர்சிங் படிக்கும் மாநிலங்களில் அது கடும் அதிருப்தியைக் கிளப்பியது.

இவையெல்லாம் மதிப்பெண்ணோடு எப்படித் தொடர்புடையவை? பிளஸ் டூ முடித்த ஒரு பையன் நர்சிங்கைத் தேர்ந்தெடுக்கும்போது, காத்திருக்கும் வேலைகள் எத்தனை, அவற்றில் தனக்குத் திறந்திருப்பவை எத்தனை, உறவுக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதையெல்லாம் கூட்டிக் கழித்துத்தான் முடிவெடுக்கிறான். இந்தக் கணக்கு இரண்டு திசையிலும் போகலாம். வேறு இடம் கிடைக்காததால் கடைசியில் நர்சிங் விண்ணப்பத்தைப் போடும் மாணவர்கள் அதிகமாக இருக்கும் கல்லூரியில், மாணவர் சராசரி கீழே நிற்கும். கேலியையும் எதிர்ப்பையும் மீறி, இதுதான் வேண்டும் என்று வரும் மாணவர்கள் அதிகமாக இருக்கும் கல்லூரியில், அதே சராசரி மேலே நிற்கும். தொடக்கத்தில் கண்ட மூன்று பேச்சுகளில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டும் எங்கோ ஓரிடத்தில் உண்மையாக இருப்பதற்கு இதுவே காரணம். அவை வெவ்வேறு பொறுக்கல்களின் விளைவுகள்.

தோப்புக்குள் ஓடும் வாய்க்கால்

வடக்குத் தோப்பின் காய் ஏன் பெரியது என்று கேட்டால், மண் நல்ல மண் என்று சிலர் சொல்வார்கள். தோப்புக்குள் நடந்து பார்த்தவர், வடக்கே ஒரு வாய்க்கால் ஓடுவதைக் காண்பார். வாய்க்கால் ஓரத்து மரங்கள் தெற்குத் தோப்பிலும் இரண்டு வரிசை உண்டு. அவற்றின் காயும் பெரியதே. காயின் எடையைத் தீர்மானித்தது நீர். தோப்பின் பெயர், நீர் எங்கே அதிகம் என்பதைக் காட்டும் முகவரியாக இருந்திருக்கிறது. இப்படி, நாம் ஒப்பிடும் பிரிவோடும் விளைவோடும் ஒரே நேரத்தில் தொடர்பு வைத்துக்கொண்டு, காரணம் எது என்பதில் நம்மைத் திசைதிருப்பும் மூன்றாவது காரணியைக் குழப்பக் காரணி என்பர்.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். அதே எண்ணிக்கையுள்ள வேறொரு கற்பனை வகுப்பில் 52 மாணவிகளில் 40 பேர் நர்சிங்கை முதல் விருப்பமாக எடுத்தவர்கள். அவர்களின் சராசரி 72. மீதி 12 பேர் வேறு படிப்பு கிடைக்காமல் வந்தவர்கள். அவர்களின் சராசரி 60. எட்டு மாணவர்களில் முதல் விருப்பமாக வந்தவர்கள் 2 பேர், சராசரி 73. மற்ற 6 பேரின் சராசரி 61. மொத்தமாகக் கூட்டினால் மாணவிகள் 69.2, மாணவர்கள் 64. ஐந்து மதிப்பெண்ணுக்கு மேல் மாணவிகள் முன்னிலை. ஆனால் முதல் விருப்பமாக வந்தவர்களுக்குள் ஒப்பிட்டால் மாணவர்கள் ஒரு மதிப்பெண் முன்னால். வேறு வழியின்றி வந்தவர்களுக்குள் ஒப்பிட்டாலும் மாணவர்கள் ஒரு மதிப்பெண் முன்னால். எண்கள் கற்பனையானவை, கூட்டல் கற்பனையானதன்று. விரும்புவோர் தாளில் போட்டுப் பார்க்கலாம்.

பிரித்துப் பார்த்தால் ஒரு திசையும் சேர்த்துப் பார்த்தால் எதிர்த் திசையும் தோன்றும் இந்த நிலைக்குச் சிம்சன் முரண் என்று பெயர். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973ஆம் ஆண்டு முதுநிலைச் சேர்க்கையில், விண்ணப்பித்த ஆண்களில் 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்றே முதலில் தோன்றியது. துறை வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது அந்த இடைவெளி கரைந்துபோனது; பெண்கள், இடங்கள் குறைவாகவும் போட்டி அதிகமாகவும் இருந்த துறைகளுக்கே அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள். இதைப் படித்துவிட்டுப் பாகுபாடு எங்குமே இல்லை என்று முடிவு கட்டுவதும் அவசரம். பெண்கள் ஏன் அந்தத் துறைகளை நோக்கித் தள்ளப்பட்டார்கள் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. கேள்வியின் இடம்தான் மாறியிருக்கிறது.

நர்சிங் மாணவர்களைப் பொறுத்தவரை, விருப்பத்தோடு வந்தார்களா என்பது ஒரு வாய்க்கால்தான். பிளஸ் டூ மதிப்பெண், படித்த மொழி, விடுதியில் தங்குகிறார்களா, படிப்போடு பகுதிநேர வேலை பார்க்கிறார்களா, வீட்டில் முதல் பட்டதாரியா என்று வேறு வாய்க்கால்களும் உண்டு. தமிழ் வழியில் பள்ளி முடித்துவிட்டு முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியலை ஆங்கிலத்தில் எதிர்கொள்ளும் ஒரு மாணவிக்கும் ஒரு மாணவருக்கும் இடையே உள்ள ஒற்றுமை, அந்த மாணவிக்கும் ஆங்கில வழியில் படித்த இன்னொரு மாணவிக்கும் இடையே உள்ள ஒற்றுமையைவிட நெருக்கமானது.

சுருக்கமாக: யார் குவியலுக்குள் வந்தார்கள் என்பதும், அவர்களில் யாருக்கு எந்த நீர் பாய்ந்தது என்பதும் தெரியாதவரை, இடைவெளிக்குப் பாலையே காரணமாகக் காட்ட முடியாது.

பாலினம் நேரடியாக வேலை செய்யும் இடம்

அப்படியானால் பாலினத்துக்கு எந்தப் பங்கும் இல்லையா என்றால், உண்டு. அதைத் தேட வேண்டிய இடம் மூளையோ "சேவை மனமோ" அன்று, யார் எந்த வார்டில் பயிற்சி பெறுவது என்று சொல்லும் போஸ்டிங் அட்டவணை. நர்சிங் படிப்பில் பாதி வகுப்பறையில் நடந்தால் மறுபாதி வார்டில் நடக்கிறது. மகப்பேறு நர்சிங் செய்முறையில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் கர்ப்பிணிகளைப் பரிசோதித்ததையும் பிரசவங்களைக் கவனித்ததையும் நடத்தியதையும் லாக் புக்கில் பதிந்து கையொப்பம் பெற வேண்டும்.

லேபர் வார்டில் ஒரு மாணவி நிற்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரு மாணவர் நிற்க வேண்டுமென்றால் முதலில் அந்தத் தாயின் சம்மதம் வேண்டும். உடன் ஒரு பெண் செவிலியர் இருக்க வேண்டும். வெளியே நிற்கும் மாமியாரும் கணவரும் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். மறுப்பதற்கு அந்தத் தாய்க்கு முழு உரிமை உண்டு. அதில் யாரும் குறை காண முடியாது. ஆனால் ஒவ்வொரு மறுப்பும் மாணவருக்கு ஒரு பயிற்சி வாய்ப்பைக் குறைக்கிறது. கூட்டம் நிறைந்த வார்டில் பொறுப்புச் சிஸ்டருக்கு இதையெல்லாம் ஒழுங்குபடுத்த நேரம் கிடைக்காதபோது, "தம்பி, நீ வெளியே போய் பி.பி. பாரு" என்று சொல்லிவிடுவது எளிது. அந்த மாணவர் அன்று முழுவதும் இரத்த அழுத்தம் பார்ப்பதில் கை தேறுவார்; பிரசவம் பார்ப்பதில் தேற மாட்டார். செய்முறைத் தேர்வில் அவர் தடுமாறினால், பட்டியலில் "ஆண் மாணவர்களின் அடைவு குறைவு" என்று பதிவாகும். உண்மையில் குறைந்தது கிடைத்த வாய்ப்புகளின் எண்ணிக்கை.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. எலும்பு முறிவு வார்டிலும் மனநல வார்டிலும் நோயாளியைத் தூக்கவோ கட்டுப்படுத்தவோ வேண்டியிருந்தால் "பிரதரைக் கூப்பிடு" என்பதே முதல் குரல். மாணவர்களுக்கு அங்கே கூடுதல் பழக்கம் கிடைக்கிறது; மாணவிகள் ஒதுங்கி நின்று பார்க்கும்படி ஆகிறது. "பையன்கள் வார்டில் கெட்டி" என்ற பேச்சின் ஊற்று இதுவாக இருக்கலாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கேன்டர் 1977இல், ஒரு குழுவில் 15 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்கும் சிறுபான்மையினருக்கு என்ன நேர்கிறது என்பதை ஆராய்ந்தார். அவர் பார்த்தது, ஆண்கள் நிறைந்த ஒரு நிறுவனத்தில் சிலராக இருந்த பெண்களை. அத்தகையோர் எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்களுடைய ஒவ்வொரு செயலும் தனிமனிதரின் செயலாகப் பார்க்கப்படாமல் அவர்களின் பிரிவினர் அனைவரின் செயலாகவே பார்க்கப்படும். நம் வகுப்பில் 60 பேரில் 8 பேர் என்பது 13 விழுக்காடு. பின் வரிசையில் ஒரு மாணவி தூங்கினால் அவள் பெயரைச் சொல்வார்கள். ஒரு மாணவர் தூங்கினால் "இந்தப் பையன்களே இப்படித்தான்" என்பார்கள்.

தராசைச் சோதித்தல்

இரண்டு குவியலையும் வெவ்வேறு தராசில் நிறுத்தியிருந்தால் எடை வேறுபாட்டுக்குப் பொருளே இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் கொண்டுவந்த பி.எஸ்சி. பாடத்திட்டத்தில், பெரும்பாலான தியரித் தாள்களுக்கு 25 மதிப்பெண் கல்லூரி இடும் உள் மதிப்பீடு, 75 மதிப்பெண் பல்கலைக்கழகத் தேர்வு. பல்கலைக்கழக விடைத்தாளைத் திருத்துபவர் எழுதியவரின் பெயரைப் பார்ப்பதில்லை. கையெழுத்தை வைத்து ஊகித்தாலொழிய, எழுதியது ஆணா பெண்ணா என்பது அவருக்குத் தெரியாது. உள் மதிப்பீடு அப்படியன்று. அங்கே அசைன்மென்ட், செமினார், பராமரிப்புத் திட்டம், வருகை எல்லாம் சேர்கின்றன. மதிப்பெண் இடுபவர் எதிரில் இருப்பவரை நான்காண்டுகளாக அறிந்தவர்.

ஆகவே இடைவெளி எந்தத் தராசில் தெரிகிறது என்பது ஒரு நல்ல துப்பு. பெயர் மறைத்த தாளில் இல்லாத இடைவெளி உள் மதிப்பீட்டில் மட்டும் இருந்தால், இரண்டு விளக்கங்கள் சாத்தியம். ஒன்று, மதிப்பிடுபவரின் சாய்வு. மற்றொன்று, உள் மதிப்பீடு அளப்பது வேறொன்றை: நேரத்தில் ஒப்படைப்பது, பதிவேட்டைத் திருத்தமாக எழுதுவது, தவறாமல் வருவது. இவை பழக்கங்கள். சிறு வயதிலிருந்தே எந்தப் பிள்ளையிடம் இவற்றை வற்புறுத்துகிறோம், எந்தப் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கிறோம் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் பார்க்கலாம். இரண்டாவது விளக்கத்தையே நான் பெரும்பாலும் நம்புகிறேன். முதலாவதைச் சோதிக்காமல் தள்ளிவிடவும் கூடாது.

சோதிப்பதற்கு வழி இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய ஆஸ்கி என்ற தேர்வு முறையில், மாணவர்கள் வரிசையாக அமைக்கப்பட்ட நிலையங்களுக்குச் சென்று, எல்லோரும் ஒரே பணியை, ஒரே நேர அளவில் செய்கிறார்கள்; தேர்வாளர் கையில் முன்கூட்டியே எழுதப்பட்ட சரிபார்ப்புப் பட்டியல் இருக்கும். கை கழுவினாரா, நோயாளியின் பெயரைக் கேட்டாரா, மருந்தின் அளவைச் சரிபார்த்தாரா என்று ஒவ்வொன்றாக டிக் செய்யும்போது, "நல்ல பிள்ளை" என்ற பொதுவான எண்ணத்துக்கு இடம் சுருங்குகிறது. பழைய செய்முறைத் தேர்வில் இருந்த இடைவெளி ஆஸ்கியில் சுருங்கினால், குறை தராசில்தான் இருந்தது என்று கொள்ள நல்ல காரணம் கிடைக்கிறது.

பட்டியலில் இல்லாதவர்கள்

இறுதியாண்டு மதிப்பெண் பட்டியலில் இருப்பவர்கள், இறுதியாண்டு வரை தங்கியவர்கள் மட்டுமே. பிரிட்டனில் நடந்த சில ஆய்வுகளில், நர்சிங் படிப்பை இடையில் விடுவோரின் விகிதம் ஆண்களிடம் கூடுதலாக இருந்தது. குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களே அதிகம் விலகியிருந்தால், எஞ்சிய ஆண்களின் சராசரி தானாகவே உயர்ந்து, கடைசி ஆண்டில் இடைவெளி மறைந்துவிட்டதுபோல் தோன்றும். அழுகிய காயைத் தூக்கி எறிந்துவிட்டு எடை போடுவதற்குச் சமமான இதை எஞ்சியோர் சாய்வு என்பர்.

ஒரு பட்டியலைக் கையில் எடுத்தால்

ஒரு கல்லூரி முதல்வரின் மேசைக்கு நம் கற்பனை வகுப்பின் பட்டியல் வருகிறது: மாணவிகள் 68, மாணவர்கள் 64. அவர் முதலில் செய்ய வேண்டியது, இந்த ஓராண்டை விட்டுவிட்டு ஐந்தாறு பேட்ச்களை ஒன்றாகச் சேர்ப்பது. எட்டுப் பேரின் சராசரி அப்போதுதான் ஆட்டம் நிற்கும். பிறகு, முதலாண்டில் சேர்ந்து இடையில் போனவர்களின் பெயர்களையும் பட்டியலில் திரும்பச் சேர்க்க வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண் ஏறத்தாழ ஒன்றாக இருந்த மாணவியரையும் மாணவர்களையும் தனியே எடுத்து ஒப்பிட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் இடைவெளி எஞ்சினால், தியரியின் பெயர் மறைத்த 75, உள் மதிப்பீட்டின் 25, செய்முறை என்று மூன்றாகப் பிரித்து, செய்முறையைப் பாடவாரியாகப் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சை வார்டுச் செய்முறையில் இடைவெளி இல்லாமல் மகப்பேறு செய்முறையில் மட்டும் இருந்தால், மாணவர்களின் லாக் புக்குகளை வரவழைத்து, பிரசவப் பக்கத்தில் எத்தனை கையொப்பங்கள் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். கையொப்பம் குறைந்தவர்களுக்கே மதிப்பெண்ணும் குறைந்திருந்தால், அவர் அடுத்துப் பேச வேண்டியது அந்த மாணவர்களோடு அன்று. லேபர் வார்டு டியூட்டிப் பட்டியலைப் போடும் சிஸ்டரோடு.